விலை சொல்ல வைத்த கண்ணாடி

அரியநாயகத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் ஒரு லாந்தர் கண்ணாடிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கு வயது இளையவர். விலைவாசிப் புள்ளி எடுக்கும் வேலையை எனக்குப் பழக்கியவர் அவர்தான்.

வேலை எளிது. மாதாமாதம் அதே கடை, அதே பொருள். விலை கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். எல்லாக் கடைக் கணக்கையும் சேர்த்து மேலிடம் ஒரு எண் சொல்லும். அந்த எண் ஏறினால் மில் தொழிலாளிகளுக்குப் பஞ்சப்படி ஏறும். என் மனைவி பொற்கொடி மில்லில் வேலை பார்த்தாள்.

"இந்த மாசமும் பஞ்சப்படி ஏறல," என்றாள் அன்று காலை. "உங்க ஆபீஸ்காரங்க எந்த ஊர்ல சாமான் வாங்குறாங்க?"

அரியநாயகத்திடம் கேட்டேன்.

"சார், வெல ஏறுதுன்னு ஊரே சொல்லுது. நம்ம எண் மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

"வாங்க அண்ணாச்சி," என்று என்னை அழைத்துக்கொண்டு அவர் நாங்கள் வழக்கமாக விலை கேட்கும் காதர் பாய் கடைக்கு நடந்தார்.

எங்களைக் கண்டதும் பாய் கேட்காமலே ஒப்பித்தார். "லாந்தர் கண்ணாடி ஆறு ரூவா. அதே வெலதான் சார்."

ஏழு வருஷமாக அதே விலை.

"ஒண்ணு குடுங்க," என்றார் அரியநாயகம்.

பாய் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அது விக்க வச்சது இல்ல சார். வெல சொல்ல வச்சது." என் பக்கம் கையைக் காட்டினார். "அண்ணாச்சிதான் எடுத்து வைக்கச் சொன்னாரு."

உண்மைதான். ஊரில் லாந்தர் எரிப்பவர் யாரும் இல்லை. கடையில் பொருள் தீர்ந்துபோனால், பதிலுக்கு வேறு பொருள் தேடி மூன்று பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். அந்தச் சோம்பலில் விலைச் சீட்டோடு ஒன்றே ஒன்றை மேல்தட்டில் பத்திரப்படுத்தச் சொல்லியிருந்தேன். உடைந்துவிடும் என்று தூசி தட்டக்கூட விட்டதில்லை. அதே தட்டில் இன்னும் பதினொரு சாமான்கள் என் பாதுகாப்பில் இருந்தன.

"பரவால்ல, குடுங்க பாய்."

"அடுத்த மாசம் அண்ணாச்சி வந்து நின்னா எதைக் காட்டுறது? மதுரைக்குப் போயில்ல வாங்கியாரணும். அங்கயே முப்பத்தஞ்சு. பஸ் சார்ஜ் வேற."

"அப்ப எவ்வளவுக்குக் குடுப்பீங்க?"

பாய் மேல்தட்டைப் பார்த்தார். "நாப்பது."

முப்பத்தெட்டுக்கு முடிந்தது. அரியநாயகம் பணத்தைக் கொடுத்துக் கண்ணாடியை வாங்கி என் கையில் வைத்தார். நான் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு படிவத்தை எடுத்தேன்.

"சார், ஆறுன்னு எழுதவா, முப்பத்தெட்டுன்னு எழுதவா?"

"ஆறு ரூவா யாரு குடுத்தா அண்ணாச்சி?"

முப்பத்தெட்டு என்று எழுதினேன். மறுநாள் காலையில் அவருக்கு மாரடைப்பு.

காரியம் முடிந்த வாரம், மீதிப் பதினொரு சாமானுக்கும் மூன்று பக்கப் படிவம் நிரப்பி, ஊரில் நிஜமாக விற்கும் பொருள்களின் விலையை எழுதினேன். பஞ்சப்படி நான்கு ரூபாய் ஏறியது.

"ஆபீஸ்காரங்க நம்ம ஊருக்கே குடிவந்துட்டாங்களா?" என்றாள் பொற்கொடி.

அவளும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கண்ணாடி இருக்கிறது. அதில் ஒட்டிய சீட்டில் ஆறு ரூபாய் என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்தில்.