செவக்காட்டுத் தெருச் சாப்பாடு

நன்றின்னு வாயெடுத்தா எங்க தாயிக்குப் பிடிக்காது. "அதை ஏன் என்கிட்ட கொண்டாந்து கொட்டுறீங்க அண்ணாச்சி?"ன்னு கேப்பாங்க. அதனால உங்ககிட்ட சொல்லித் தீர்த்துக்கறேன்.

தாயிங்கறது எங்க ஊர் மடத்துல இருக்கறவங்க. மடம்னா பெருசா ஒண்ணுமில்லை. ரெண்டு அறை, ஒரு சமையக்கட்டு, மத்தியானம் யார் வந்தாலும் கஞ்சி. என்னைவிட ஏழு வயசு சின்னவங்க. இருந்தாலும் எனக்குக் குரு அவங்கதான். நாம ஒண்ணு கேட்டா அவங்க வாயில இருந்து லேசுல பதில் வராது. ஏதாவது ஒரு வேலைதான் வரும்.

நான் தவசி. ஊர்க் குடிதண்ணிக்கு மோட்டார் ஓட்டுற வேலை. பத்தொன்பது வருஷம், பத்தொன்பதும் தற்காலிகம்! என்னை மாதிரி நூத்தி முப்பது பேர். போன ஐப்பசியில எங்க லிங்கதுரை மோட்டார் ரூம்ல கரண்ட் அடிச்சுச் செத்தான். தற்காலிகம்தானேன்னு அவன் சம்சாரத்துக்கு ஒரு கடுதாசிகூட வரலை. நிரந்தரம் ஆக்காம விடறதில்லைன்னு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பந்தல் போட்டு உக்காந்துட்டோம். சங்கத்துக்குச் செயலாளர் நான். வாய் நீளம்னு கொடுத்த பதவி.

ஒரேயடியா நிறுத்திடலை. ரெண்டு நாளைக்கு ஒருதரம் விட்ட தண்ணியை ஆறு நாளைக்கு ஒருதரம்னு ஆக்கினோம். பதினேழு நாள் போச்சு, அரசு அசையலை. பதினெட்டாம் நாள் சனிக்கிழமை காலையில உத்தரவு வந்துச்சு. திங்கட்கிழமை வேலைக்கு வராத ஆளுக்கு இனிமே வேலை கிடையாது.

எங்க ஆளுங்க கொதிச்சுட்டாங்க. "எல்லா மோட்டாரையும் நிறுத்து. சொட்டுத் தண்ணி போகக் கூடாது. மூணே நாள்ல தேடி வருவாங்க"ன்னு பாதிப் பேர். "உள்ளதும் போயிருமேப்பா"ன்னு பாதிப் பேர். சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கூட்டம், கை தூக்கி முடிவு. நான் எந்தப் பக்கம் பேசறேனோ அந்தப் பக்கம்தான் நிறையக் கை உயரும், அது எனக்கே தெரியும். சைக்கிளை எடுத்துக்கிட்டு மடத்துக்கு வந்தேன்.

தாயி கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

"தாயி, முழுசா நிறுத்தட்டுமா, வேண்டாமா?"

"நிறுத்தினா?"

"அரசு பணியும்."

"நிறுத்தலைன்னா?"

"திங்கட்கிழமை நாங்க பணியணும்."

"பந்தலுக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு வருது?"

"பன்னெண்டரைக்கு ஆட்டோவுல வரும்."

"இன்னைக்கு நீங்க போய் எடுத்துட்டு வாங்க."

"எங்கே போய் எடுக்க?"

தாயி நிமிர்ந்து பார்த்தாங்க. "பதினேழு நாள் சாப்பிட்டிருக்கீங்களே அண்ணாச்சி, எங்கே இருந்து வருதுன்னு தெரியாதா?"

தெரியும்னுதான் நினைச்சிருந்தேன். முதல் நாள் சாப்பாடு இறங்குற நேரத்துல வார்டு பிரமுகர் ஒருத்தர் வந்து நின்னார். அவர்தான் அனுப்பறார்னு நானா முடிவு பண்ணி, தினம் சாயந்தரம் மைக்ல அவர் பேரைச் சொல்லி நன்றி சொன்னேன். மனுஷன் ஒருநாளாவது இல்லைன்னு சொல்லணுமே! ரெண்டு கையையும் கூப்பிச் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டார்.

"செவக்காட்டுத் தெருவுக்குப் போங்க"ன்னாங்க தாயி. "அண்டா மட்டும்தான் நம்ம மடத்து அண்டா."

செவக்காட்டுத் தெருன்னா எனக்குப் பதினோராம் நம்பர் வால்வு, அவ்வளவுதான். எத்தனையோ தடவை திறந்திருக்கேன், மூடியிருக்கேன். அந்தக் குழாய் முடியற இடத்தைப் போய்ப் பார்த்ததில்லை. ஊரோட கடைசி, அதுவும் மேடு. எல்லாத் தெருவும் பிடிச்ச பிறகுதான் அங்கே தண்ணி ஏறும்.

தெரு முனையில மூணு அடுப்பு எரிஞ்சுது. பக்கத்துல வரிசையா குடம். பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க வேர்க்க விறுவிறுக்க வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு பொண்ணு என்னைக் கண்டுபிடிச்சிருச்சு.

"அடடே, செயலாளர் அண்ணனா! வாங்க வாங்க. சாப்பாடு லேட் ஆயிருச்சா?"

அது பேர் பவுன்தாய். தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. முறை வச்சு ஆளுக்கு அரைநாள் லீவு போட்டுச் சமைக்கிறாங்களாம்.

"இது என்னம்மா, இத்தனை குடம்?"

"வீட்டுக்கு ஒரு குடம்ணே. சோறு வடிக்கணும், பாத்திரம் கழுவணும்ல."

"உங்களுக்கு எத்தனை குடம் கிடைக்குது?"

"நீங்க விட்டாத்தானே கிடைக்க!"ன்னு சிரிச்சுது. "போன தடவை ஆறு குடம் பிடிச்சேன். ஆறு நாளைக்கு ஆறு."

அதுல ஒண்ணு இங்கே நிக்குது. எங்களால தண்ணி இல்லாதவங்க, இருக்கற தண்ணியில எங்களுக்குச் சோறு பொங்கியிருக்காங்க.

"எங்களுக்கு ஏம்மா இவ்வளவு?"

"லிங்கதுரை அண்ணன் சம்சாரம் எனக்குப் பக்கத்துல உக்காந்துதான் பெட்டி அடைக்குது. அது முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்க?"

மறைக்க மனசு வரலை. "நாளையில இருந்து முழுசா நிறுத்தலாம்னு ஒரு பேச்சு இருக்கும்மா."

கரண்டிச் சத்தம் நின்னுச்சு. விறகு தள்ளிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் சொன்னார்: "அதிகாரிங்க வீட்ல எல்லாம் போர் போட்டுத் தண்ணி இருக்கு தம்பி. எங்களுக்குத்தான் காயும்."

"சும்மா இருங்க மாமா"ன்னு பவுன்தாய் அதட்டுச்சு. அப்புறம் என்கிட்ட மெதுவா கேட்டுது. "எத்தனை நாளைக்குண்ணே?"

"தெரியலைம்மா."

"நாள் தெரிஞ்சா கொஞ்சம் பிடிச்சு வச்சுக்குவோம். திடுதிப்புனு நின்னா உங்களுக்குச் சமைக்க முடியாதுல்ல, அதான்."

அண்டாவை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தேன். எல்லாருக்கும் நானே பரிமாறினேன். எனக்கு ஒரு வாய் இறங்கலை. மூணு மணிக்குத் திரும்ப மடத்துல நின்னேன்.

"புரிஞ்சுது தாயி. நீங்க நல்லா இருக்கணும். நிறுத்த வேண்டாம், அதானே?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப நிறுத்தட்டுமா?"

"அதையும் சொல்லலையே."

எனக்கு அழுகையே வந்துருச்சு. "லிங்கதுரைக்கு ஒரு நியாயம் வேணும் தாயி. நிறுத்தலைன்னா நூத்தி முப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். நிறுத்தினா அந்தப் பவுன்தாய் வீட்டுக் குடம் காயும். எனக்கு ஒண்ணும் ஓடலை. ஒண்ணு மட்டும் செய்யறேன். இன்னைக்கு மைக்ல முதல் நன்றி அந்தத் தெருவுக்குத்தான்."

"மைக் எங்கே இருக்கு?"

"பந்தல்லதான்."

"பஸ் ஸ்டாண்டு பந்தல்ல நீங்க பேசறது செவக்காட்டுத் தெருவுக்குக் கேக்குமா?"

"எப்படிக் கேக்கும் தாயி? ரெண்டு கிலோமீட்டர் இருக்கே."

"அப்ப கூட்டத்தை அந்தத் தெருவுல போடுங்க அண்ணாச்சி. கை தூக்கறவங்க அங்கே நின்னு தூக்கட்டும்."