கதவில்லாத புகைப்பெட்டி

கடவுள் புத்தியைப் படியால் அளந்து ஊர் ஊராகக் கொடுத்துக்கொண்டு வந்த நாளில், மழை வரும்போல இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்ட ஊர் ஒன்று உண்டு. நெல்லிக்காட்டுப்பாளையம் என்று பேர். அந்த ஊரில் நாச்சிமுத்து என்று ஒருவன். அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். இவன் இன்னும் தனக்கே பெண் தேடிக்கொண்டிருந்தான். வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் எல்லாரும் காப்பி ஆறுவதற்குள் செருப்பைத் தேடினார்கள். காப்பியில் சர்க்கரை பத்தவில்லை போல என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டான். அடுத்து வந்தவர்களுக்கு டம்ளரில் பாதி சர்க்கரையே போட்டான். அவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள்.

கடைசியாக ஒரு வரன் அமைந்தது. பெண்ணின் அப்பா ஆறுச்சாமி, அமெரிக்காவில் மகன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு இரும்புப் பெட்டியாம். அதற்குள் விறகுப் புகையிலேயே கறி பொழுதுக்கும் வேகுமாம். அதைத் தின்று வந்த நாக்குக்கு ஊர்க் குழம்பெல்லாம் கழுநீராகிவிட்டது. நாச்சிமுத்துவுக்கு அவரே போன் போட்டார்.

"தம்பி, ஞாயித்துக்கெழமை வூடு பாக்க வர்றனுங்க. பொடக்காலில ஒரு பொகைப்பெட்டி செஞ்சு, ஆட்டுத்தொடை ஒண்ணு போட்டு வைங்க. ஆடம்பரம் வேண்டாம், கையில இருக்கற காசுக்குள்ள முடிச்சுக்குங்க. பொகையை வீணா வெளிய உட்றாதீங்க. சும்மாச் சும்மா தொறந்து பாக்காதீங்க. அவசரமே படக்கூடாது. கறி அமைஞ்சா என்ற புள்ளையும் அமைஞ்ச மாதிரித்தான், ஆமா."

நாச்சிமுத்து போனுக்கே கும்பிடு போட்டான். உடனே சபையைக் கூட்டினான். சபை என்றால் இரண்டு பேர். ஒருவர் அக்கா புருஷன் மாரப்பன்; தொண்டையைச் செருமினாலே அறிவாளி என்று ஊர் நம்பியது, அவரும் நம்பினார். இன்னொருவன் சித்தப்பா மகன் பொங்கியண்ணன். மாரப்பன் சொன்னதைத் திரும்பச் சொல்வதே அவன் உத்தியோகம்.

மூன்று பேரும் ரங்கராசுவின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள்.

"என்ன அளவுல வேணுங்க?" என்றார் ரங்கராசு.

"ஆட்டுத்தொடை உள்ள போகோணும்" என்றான் நாச்சிமுத்து.

மாரப்பன் செருமினார். "தொடை மட்டும் தனியா நிக்குமா மாப்ள? தொடைன்னா அது ஆட்டுல இருக்கறது. அப்ப ஆட்டைத்தான் அளக்கோணும்."

ஆட்டைப் பிடித்து வந்தார்கள். ரங்கராசு டேப்பை நீட்டியதும், அந்தக் கூட்டத்திலேயே விவரமான ஜீவன் அதுதான் என்பதால், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கூடி யோசித்தார்கள். ஆட்டுக்குப் பதில் பொங்கியண்ணன் நாலு காலில் நின்றான். தலையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டான், உண்மையாக இருக்கட்டும் என்று. ரங்கராசு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அளந்தார். தோள் குலுங்கியது. பாவம், மனுசனுக்கு இருமல் என்று நாச்சிமுத்து இரக்கப்பட்டான்.

"சரிங்க. அடியில காலு வெக்கறனுங்க, நகத்தறதுக்குச் சக்கரம்..."

"காசுக்குள்ள முடிக்கோணும்னு மாமனாரு சொல்லியிருக்காரு" என்று மாரப்பன் கையைத் தூக்கினார். "பெட்டி எங்கீங்க போகப்போவுது, காலு வெக்கறதுக்கு? சக்கரம் வெச்சா ஓடியே போயிரும். ஆடு ஓடினதைப் பாத்தீங்கள்ல?"

"பாத்தீங்கள்ல?" என்றான் பொங்கியண்ணன்.

"மேல ஒரு பொகைபோக்கி..."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. "ஏனுங்க, விறகு எங்க காசு. பொகை எங்க பொகை. அதை வெளிய தள்றதுக்கு ஒரு குழாய், அதுக்கும் நாங்களே காசு குடுக்கோணுமா? பொகையை வெளிய உடாதேன்னு மாமா சொல்லியிருக்காருங்க!"

ரங்கராசு பெருமூச்சு விட்டார். "செரி, கதவை முன்னால வெக்கட்டுமா, மேல மூடியா வெக்கட்டுமா?"

மாரப்பன் இரண்டு தடவை செருமினார். விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"தொறக்கக் கூடாதுங்கற பெட்டிக்குக் கதவு எதுக்குங்க?"

"எதுக்குங்க?" என்றான் பொங்கியண்ணன்.

"கதவு இல்லாம கறி எப்புடிங்க உள்ள போகும்?"

"கறியை வெச்சுப்போட்டு, அதைச் சுத்திப் பெட்டி கட்டுங்க" என்றார் மாரப்பன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "முட்டைக்குள்ள கரு எப்புடிப் போச்சு? கதவு வெச்சா போச்சு?"

நாச்சிமுத்துவுக்கு மெய்சிலிர்த்தது. இப்படி ஒரு மச்சான் வாய்க்க என்ன தவம் செய்தோம் என்று கண் கலங்கினான். ரங்கராசு வெகுநேரம் மூன்று முகங்களையும் பார்த்தார். எதிலும் விளையாட்டு தெரியவில்லை. "என்ற வேலை தகடு ஒட்டறதுங்க. புத்தி ஒட்டறதுக்கு எங்கிட்டக் கம்பி இல்லைங்க. ஞாயித்துக்கெழமை காத்தால வர்றன்" என்றார்.

சொன்னபடி வந்தார். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் தகடு விரித்து, விறகு அடுக்கி, தீ மூட்டி, மேலே கம்பி வலையில் மசாலா தடவிய தொடையை வைத்தார்கள். நாலு பக்கமும் மேலேயும் தகடு வைத்து, சந்து விடாமல் ஒட்டி முடித்துவிட்டு, ரங்கராசு தன் சாமான்களை வண்டியில் ஏற்றினார். பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் அவருக்கு அதே இருமல்.

பெட்டிக்குள் காற்றுப் போக வழி இல்லை; தீ பாவம், கொஞ்ச நேரம் திணறிவிட்டு அணைந்தது. வெளியே நாச்சிமுத்து மூக்கை வைத்துப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெருமை தாங்கவில்லை.

"மச்சான், ஒரு இழை பொகை கூட வெளிய வர்லைங்க!"

"அமெரிக்காக்காரன் பெட்டியில பொகை கசியுமாம். தண்டக் கருமம்" என்றார் மாரப்பன்.

"ஆனா கறி வெந்துச்சான்னு எப்புடித் தெரியும்?"

மாரப்பன் தகட்டைத் தட்டினார். காதை வைத்தார். மறுபடி தட்டினார். "பதில் இல்லை. உள்ள ஒரு ஆளை வெச்சிருக்கோணும் மாப்ள. தப்புப் பண்ணிட்டோம்."

பொங்கியண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. முதல் தடவையாகச் சொந்தமாகப் பேசினான். "என்ற அளவுக்குத்தானுங்க மச்சான் பெட்டியே செஞ்சாங்க. என்னைய வெளிய உட்டுப்போட்டு அடைச்சுட்டீங்களே!"

"அழுவாத தம்பி. அடுத்த தடவை உன்னைய வெக்கறோம்" என்று நாச்சிமுத்து முதுகைத் தடவிக் கொடுத்தான்.

மதியம் ஆறுச்சாமி வந்தார். காப்பியைக் கூடத் தொடவில்லை. நேராகப் பொடக்காலிக்கு நடந்தார். அங்கேயே பாய் விரித்து, பெட்டிக்கு எதிரே இலை போட்டு, அக்கா சோறு வைத்தாள். நாச்சிமுத்துவின் நெஞ்சு அடித்த அடியில் சட்டைப் பொத்தான் ஆடியது. இவர் ஒருவர் செருப்பைத் தேடாமல் இருந்தால் போதும், பெண்ணும் கிடைக்கும், ஊரில் இவனும் ஒரு மனுசனாகிவிடுவான்.

"கறி எங்கீங்க தம்பி?"

"உள்ள இருக்குதுங்க மாமா."

"எடுங்க."

நாச்சிமுத்து மாரப்பனைப் பார்த்தான். மாரப்பன் பொங்கியண்ணனைப் பார்த்தார். பொங்கியண்ணனுக்குப் பார்க்க ஆள் இல்லாததால் பெட்டியைப் பார்த்தான்.

"தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க" என்றான் நாச்சிமுத்து பணிவாக.

ஆறுச்சாமி எழுந்தார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைக் காணோம். எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார். அப்போதும் காணோம். அவர் சுற்றுவதைப் பார்த்துக் கோயில் என்று நினைத்து, அந்தப் பக்கமாக வந்த ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள்.

"அட, இதுக்கு வாசலே இல்லையாய்யா?"

"காசுக்குள்ள முடிக்கோணும்னு சொன்னீங்களே" என்றார் மாரப்பன்.

"அப்ப நான் எதைய்யா திங்கறது?"

"அவசரமே படக்கூடாதுன்னும் சொன்னீங்க மாமா" என்று நாச்சிமுத்து ஞாபகப்படுத்தினான். பெண்ணைப் பெற்றவர் தன் சொல்லையே மறக்கிறாரே, வயசாகிவிட்டது, இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மனசுக்குள் ஒரு பாசம் ஊறியது.

ஆறுச்சாமியின் முகம் மிளகாய்ப் பழமானது. செருப்பைத் தேடினார். கிடைத்ததை மாட்டிக்கொண்டு, இரண்டும் இடது கால் செருப்பு என்பதைக் கூடக் கவனிக்காமல், வாசலில் திரும்பி நின்று கத்தினார்:

"ஏய்யா, இந்தப் பெட்டி என்னைக்குத் தொறக்குதோ, அன்னைக்கு என்ற புள்ளைய உனக்குக் கட்டிக் குடுக்கறேன், போ!"

போய்விட்டார். நாச்சிமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷத்தில் எந்தப் பெண்ணைப் பெற்றவரும் அவனைப் பார்த்து ‘கட்டிக் குடுக்கறேன்’ என்று சொன்னதில்லை. மாரப்பன் கட்டித் தழுவினார். பொங்கியண்ணன் ஊரெல்லாம் ஓடி, கல்யாணம் முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தான். ஊரும் சந்தோஷப்பட்டது, அந்த ஊர் வேறு என்ன செய்யும்?

இந்தச் சேதி ரங்கராசுவின் காதுக்கும் போனது. சிரித்துச் சிரித்து விலா நொந்தபிறகு மனசு உறுத்தியது. மறுநாள் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நாச்சிமுத்து, ஒதுங்கப்பா. ஒரு பக்கத்தை வெட்டித் தொறந்துடறன். உன்ற மாமனாரு அவரு வாயாலயே சொல்லியிருக்காரு. பெட்டியைத் தொறந்துட்டு நேரா அவரு வூட்டுல போய் நில்லு."

கட்டரில் நீலத் தீ சீறியது. நாச்சிமுத்து ஒரே தாவலில் பெட்டிமேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டான்.

"ஐயோ, நிறுத்துங்க! தொறந்தீங்கன்னா இன்னைக்கே கல்யாணங்க!"

"அதுக்குத்தானய்யா தொறக்கறேன்!"

"இன்னைக்கு அட்டமிங்க! தாலி வாங்கல, மண்டபம் புடிக்கல, என்ற வேட்டி வெளுக்கப் போயிருக்குது! லுங்கியோட தாலி கட்டச் சொல்றீங்களா?"

மாரப்பன் தொண்டையைச் செருமி, கட்டரை ஊதி அணைக்கப் பார்த்து, மீசையில் பாதியைக் கருக்கிக்கொண்டார். இருந்தாலும் நிதானம் தவறவில்லை. "ரங்கராசு, நாள் பாக்காம பெட்டியத் தொறந்து ஒரு குடும்பத்தக் கெடுத்துப் போடாதீங்க. ஆவணியில முகூர்த்தம் இருக்குது. அதுவரைக்கும் பெட்டி தப்பித் தவறித் தொறந்துறக் கூடாது. ஒரு காத்து மழைன்னா என்ன பண்றது?"

"என்ன பண்றது?" என்றான் பொங்கியண்ணன்.

மூன்று பேரும் தலையோடு தலை வைத்து யோசித்தார்கள். பிறகு நாச்சிமுத்து கீழே இறங்கி, கையில் மிச்சமிருந்த காசையெல்லாம் ரங்கராசுவின் பையில் திணித்தான்.

பொழுது சாய்வதற்குள் பெட்டியின் நாலு பக்கமும் மேலேயும் இன்னொரு சுற்று, முன்னதைவிடத் தடித்த தகடாக ஒட்டியாயிற்று. சூடு ஆறியதும் நாச்சிமுத்து இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தான். தோள் கொடுத்து முட்டினான். பொங்கியண்ணனை விட்டு உதைக்கச் சொன்னான். இம்மி நகரவில்லை. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக மூச்சு விட்டான்.

"இப்பத்தானுங்க மச்சான், என்ற கல்யாணம் கெட்டியாச்சு!"