எலுமிச்சையும் நாரத்தையும்

மாநாட்டில் பேசுவதற்குப் பேராசிரியர் மாசிலாமணி பெனிட்டாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். அவள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தேனீ ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முன்பிருந்தே இருக்கும் நாச்சியாருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"நான் வேற இடம் பாத்துக்கறேன் சார்," என்றாள்.

பேராசிரியர் தேனீக்களைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி சின்னக் குழாய்களில் செருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏம்மா?"

"உங்களுக்கு பெனிட்டா போதும்."

"அவகிட்ட இந்த வாரம் நான் என்ன பேசினேன்?"

நாச்சியார் யோசிக்கவே இல்லை.

"படம் தெளிவா இருக்குன்னீங்க. டீ குடிச்சியான்னு கேட்டீங்க. அவங்கம்மா முட்டிவலியை விசாரிச்சீங்க. கூண்டை மூடாம போனதுக்குத் திட்டினீங்க."

"திட்டினதுமா?"

"என்னை அப்படி உரிமையா ஒருநாளும் திட்டினதில்லையே."

பேராசிரியரின் மீசை லேசாக அசைந்தது.

"உட்காரு."

இரண்டு குழாய்களை அவள் முன் நகர்த்தினார். அந்தத் தேனீக்களை முந்தின நாள் பழக்கியவள் அவள்தான். எலுமிச்சை வாசனை வந்தால் சர்க்கரைத் தண்ணீர். நாரத்தை வந்தால் ஒன்றும் கிடையாது. இரண்டுமே நன்றாகக் கற்றிருந்தன.

எலுமிச்சை எண்ணெய் தொட்ட காகிதத்தைக் காட்டினார். இரண்டும் நாக்கை நீட்டின. விசிறியைப் போட்டு வாசனை போனதும் நாரத்தையைக் காட்டினார். முதல் தேனீ சும்மா இருந்தது. இரண்டாவது நீட்டியது. சாத்துக்குடிக்கும் நீட்டியது.

"இதுக்கு என்ன சார் ஆச்சு? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு."

"ஒரு வாசனை வந்தா மூளையில சில நரம்பணுக்கள்தான் பேசணும். மத்ததை அடக்கி வைக்கத் தனியா ஒரு பெரிய அணு இருக்கு. காலையில மருந்து வச்சு அதோட கையைக் கட்டிட்டேன். இப்ப எது வந்தாலும் எல்லாம் சேர்ந்து கத்துது."

"எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதா?"

"எல்லாம் எலுமிச்சைதான் அதுக்கு."

நாச்சியார் அந்தத் தேனீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடைக்காத சர்க்கரைக்காக அதன் நாக்கு இன்னும் வெளியே நீண்டிருந்தது.

"எப்ப சார் தெளியும்?" என்றாள்.

"தெளிஞ்சிடும்மா," என்றார் பேராசிரியர். "அதுவரைக்கும் அதை எந்த முடிவும் எடுக்கச் சொல்லாதே."