மணியடிப்பவனின் குரல்

இன்னாசிக்கு ஐம்பத்திரண்டு வயது. மீன் ஏலம் கூறுவது அவர் தொழில். அவர் குரல் ஏலக்கூடத்தைத் தாண்டி மூன்று தெரு போகும் என்பார்கள். அந்தக் குரலை இன்னும் பழக்கிக்கொள்ள ஆசைப்பட்டு, தன்னைவிட இருபது வயது இளையவளான கனகவல்லியிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். சென்னையில் படங்களுக்குக் குரல் கொடுத்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பியவள் அவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

கடலோரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய ஜப்பானியப் படம் காட்டுவதாக ஏற்பாடு. கடலுக்குள்ளிருந்து ஒரு பெரிய மிருகம் எழுந்து வந்து ஊரை மிதிக்கும் கதை. இரண்டு பிரதிகள் வந்திருந்தன. ஒன்று ஜப்பானிய மொழியிலேயே பேசியது, கீழே தமிழ் எழுத்து ஓடியது. மற்றொன்று தமிழில் டப்பிங் செய்தது. குரல் கொடுக்கப் பழகுகிறவர் என்பதால், எதைப் போடுவது என்பதைத் தலைமையாசிரியர் இன்னாசியிடம் விட்டுவிட்டார்.

இரண்டையும் பார்த்த நாளிலிருந்து இன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் டீச்சரிடம் போனார்.

“ஜப்பான் பிரதியையே போட்டுடலாம் டீச்சர். சரிதானே?”

கேட்டுவிட்டுக் காரணங்களையும் அவரே அடுக்கினார். நடித்தவர்களின் சொந்தக் குரலில்தான் உயிர் இருக்கிறது. தமிழில் கேட்டால், அந்த மிருகம் நம்மூர்ச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்க வந்ததுபோல இருக்கிறது.

கனகவல்லி சிரித்தாள். பிள்ளைகள் ஒரு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது பாதி ஊரை மிதித்துவிடுமே என்றாள். பிறகு இருவரும் சேர்ந்தே பார்க்கலாம் என்று கணினியைத் திறந்தாள்.

முதலில் ஜப்பானியம். கடல் சத்தமில்லாமல் பின்வாங்குகிறது. ஈர மணல் வெகுதூரத்துக்குத் தெரிகிறது. மணல்மேல் சின்னச் சின்ன உருவங்களாக ஆட்கள் திரிகிறார்கள். கரையில் ஒருவன் மணியை அடித்து அவர்களைப் பார்த்து ஏதோ கூவுகிறான். இன்னாசி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

அடுத்து அதே காட்சி தமிழில்.

“கடல் உள்வாங்குது. வந்துடுங்க, மேட்டுக்கு ஓடிடுங்க” என்று அவன் கூவினான்.

மிருகம் இன்னும் வரவில்லை. திரையில் இருந்தது வெறும் மணல்தான். அவர் எழுந்து ஒலியை அணைத்துவிட்டார்.

“ஏன் அண்ணே?”

“ஒட்டவே இல்ல டீச்சர். உதடு ஒண்ணு சொல்லுது, குரல் வேற ஒண்ணு சொல்லுது. முதல்ல வாயைப் பாருன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க.”

கனகவல்லி காட்சியைப் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். மணியடிப்பவன் கடலைப் பார்த்து நின்றான். அவனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“இதுல வாய் எங்கண்ணே இருக்கு?”

இன்னாசி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசாத அந்த மார்கழிக் காலையைப் பற்றிச் சொன்னார். கடல் உள்வாங்கியபோது அவர் கரையில்தான் நின்றார். மணலில் மீன் துள்ளியது. பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வர ஓடினார்கள். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டது. கூப்பிட வாயைத் திறந்தார். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரலில் ஒரு சொல்கூட எழும்பவில்லை. அதற்குப் பிறகு கடல் திரும்பி வந்தது.

“ஜப்பான் பாஷையில அவன் என்ன கூவினாலும் எனக்கு அது வெறும் சத்தம் டீச்சர். தமிழ்ல கேட்டா, நான் கூப்பிடாதது காதுல விழுது.”

கனகவல்லி தமிழ்ப் பிரதியில் மணியடிப்பவனின் குரலை மட்டும் நீக்கினாள். ஒலிவாங்கியை இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“டப்பிங்ல அந்த ஆள் பேசினது சுமார்தான். நீங்க கூப்பிடுங்க.”

காட்சி ஓடியது. மணி அசைந்தது. கடல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. இன்னாசி வாயைத் திறந்தார்; அன்றுபோலவே ஒரு சொல்லும் எழும்பவில்லை. ஒலிவாங்கியை நகர்த்தி வைத்தார்.

“தமிழ்ப் பிரதி வேணாம்னு எனக்காகச் சொல்லல டீச்சர். இதே கடற்கரையில விளையாடுற பிள்ளைங்க. நம்ம பாஷையில, நம்ம ஊர்க் குரல்ல இதைக் கேட்டா நடுங்கிப் போயிடும். அதுங்க மனசுல அந்தப் பயத்தை நாம எதுக்குப் போடணும்?”

கனகவல்லி காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“அன்னைக்கு மீன் அள்ளப் போன கூட்டத்துல நானும் இருந்தேன் அண்ணே. எனக்குப் பத்து வயசு. எங்கள்ல ஒருத்தர்கூடப் பயப்படல.”