மிச்சம் நின்ன வாத்து

ஒரு ஏரிக்கரை ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தா. பேரு செங்கமலம். அவகிட்ட எத்தனை வாத்து தெரியுமா? ஆயிரத்து ஒம்பது. குவாக் குவாக்னு ஊரே அதிரும். கேக்கறியா குட்டி?

"ம்."

அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்தை மேய விடணும். வயலு ஏரிக்கு அந்தாண்ட. அவளும் அவ அண்ணன் சடையனும் வாத்துங்களை ஓட்டிக்கிட்டு ஏரிக்குள்ள எறங்குனாங்க. அப்போ தண்ணி களக் பொளக்னு கொதிச்சுது. உள்ளேர்ந்து எந்திரிச்சுது ஒரு பூதம்!

"இது என் ஏரி. உன் வாத்துங்களை வரிசை கட்டி நிறுத்துவேன். எல்லா வரிசையிலயும் சமமா நின்னா அத்தனையும் எனக்கு. பொழுது சாயற வரைக்கும் சமமா வரலேன்னா நீ போலாம்"னுச்சு.

"ஒரே வரிசையா நிறுத்தக் கூடாது. வரிசைக்கு ஒண்ணுன்னு பிரிச்சும் நிறுத்தக் கூடாது"ன்னா செங்கமலம்.

"சரி"ன்னுச்சு பூதம்.

அப்புறம் திடுதிடுன்னு ஓடி ரெண்டு வரிசை கட்டுச்சு. அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டுது. ரெண்டும் சமமாத்தான் வந்துச்சு. ஆனா கடைசியில ஒரு வாத்து தனியா நிக்குது, குவாக்குனு.

அப்புறம் மூணு வரிசை. சளக் சளக் சளக். மறுபடி ஒண்ணு மிச்சம்.

அப்புறம் ஏழு வரிசை. செங்கமலம் மூச்சே விடல. அப்பவும் என்ன ஆச்சு சொல்லு?

"ஒண்ணு மிச்சம்."

ஆமாண்டா, ஒண்ணே ஒண்ணு மிச்சம்!

இப்போ பூதம் குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கிச்சு. "எனக்குப் பசிக்குது தாயி. மிச்சம் நிக்குதே, அதை மட்டும் குடேன்."

"ஒண்ணுதானே, குடுத்துடு. நாம பொழைச்சுக்கலாம்"னான் சடையன்.

செங்கமலம் பட்டுனு அந்த வாத்தைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா. "குடுக்க மாட்டேண்ணே. இது போயிட்டா மிச்சமே இருக்காது. ரெண்டு வரிசையும் சமமா நிக்கும், மூணும் நிக்கும், ஏழும் நிக்கும். அப்புறம் எல்லாம் அது வயித்துக்குள்ளதான்."

பூதத்தோட மூஞ்சி கறுத்துப் போச்சு. அதோட திட்டமே அதுதானே.

"அப்புறம் பெரியப்பா?"

அப்புறம் விடுமா அது? பதினொரு வரிசை கட்டுச்சு, இடுப்புல இருக்கறதையும் சேத்து எட்டு மிச்சம். பதிமூணு கட்டுச்சு, அதுலயும் எட்டு மிச்சம். பதினேழு, பத்தொம்பது, முப்பத்தொண்ணு... தஸ்ஸு புஸ்ஸுனு இரைக்குது. வாத்துங்க அதும் காலுக்கு நடுவுல பூந்து பூந்து போவுது. எத்தனை வரிசை கட்டினாலும் ஏதாவது மிச்சம் நிக்குது. ஏன்னா ஆயிரத்து ஒம்பதுங்கறது எப்படி வெட்டினாலும் சமமா வெட்டுப்படாத எண்ணு.

வானம் செவந்துச்சு. சூரியன் கரைக்குப் பின்னால போச்சு. பூதம் தொப்புனு தண்ணியில உக்காந்துடுச்சு.

"போம்மா. இந்த மாதிரி கூட்டத்தை நான் பாத்ததே இல்ல."

செங்கமலம் அப்பதான் இடுப்புல இருந்த வாத்தை எறக்கி விட்டா. அது குடுகுடுன்னு ஓடி எல்லாத்துக்கும் முன்னால போய் நீந்துச்சு.

ஆயிரத்து ஒம்பதும் கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. கண்ணை மூடு குட்டி.