ரெண்டாவது லெட்டர்ல விழாத கையெழுத்து

எம்.ஏ. வரலாறு படிக்கிற இசக்கியம்மாளுக்கு அன்னைக்குக் கோவம் ரெண்டு. ஒண்ணு, பரீட்சையில பத்துக்கு மூணு மார்க். இன்னொண்ணு, தண்ணி.

தண்ணிச் சண்டைக்குச் சாயங்காலம் நாலு மணின்னு நேரம் குறிச்சாச்சு. அதுக்குள்ள மார்க்குச் சண்டைய முடிச்சிருவோம்னு ரெண்டரைக்கே ஜமீலா மேடம் ரூமுக்குள்ள புகுந்தா. மேடம் இவளவிட ஆறு வயசுதான் மூப்பு. பைய மேசையில வச்சதும் ணங்குன்னு ஒரு சத்தம்.

மேடம் டிபன் பாக்ஸ மூடிட்டு நிமிர்ந்தாங்க. "உள்ள என்ன?"

"பைப் ரெஞ்சு. அத விடுங்க மேடம். நான் எழுதினதுல என்ன தப்பு?"

"அமெரிக்க ஜனாதிபதி வில்சன் ஏன் முதல் உலகப் போருக்குப் போனாருன்னு கேட்டிருந்தேன். ‘அவர் ஒரு வேஷக்காரர்’னு ஒத்த வரி எழுதியிருக்க."

"பின்ன? ரயில்வேக்காரங்களுக்கு எட்டு மணி நேர வேலைன்னு சட்டம். சின்னப் பிள்ளைங்கள ஃபேக்டரியில வேலைக்கு வைக்காதேன்னு சட்டம். பணக்காரனுக்கு வரி. எல்லாம் போட்டாரு. நம்மளப் போருக்குள்ள விடாமக் காத்தவருன்னு சொல்லியே அவரு கட்சி ஓட்டுக் கேட்டுச்சு. ஜெயிச்சு அஞ்சே மாசம். போர்! இது வேஷம் இல்லன்னா எது மேடம் வேஷம்?"

"ரெஞ்சு எதுக்கு?"

இசக்கிக்குச் சுர்ருன்னுச்சு. கேட்டது என்ன, இவங்க கேக்குறது என்ன. ஆனாலும் சொல்லாம இருக்க வாய் விடல.

"எங்க ஹாஸ்டலுக்கும் பக்கத்து நர்சிங் ஹாஸ்டலுக்கும் ஒரே மோட்டார். காலையில ஆறுலேருந்து ஏழு எங்க முறை. ரெண்டு மாசமா வால்வ அவங்க பக்கம் திருப்பி வச்சிக்கிடுறாங்க. இன்னைக்கு நாப்பது பேர் போறோம். அவங்க பக்கத்து வால்வ அடைச்சு, கைப்பிடியையும் கழட்டிட்டு வந்துருவோம். தடுத்தா அடிதான்."

"மெஸ் செகரட்டரிக்கு நின்னப்போ இதச் சொல்லியா ஓட்டுக் கேட்ட?"

"சேச்சே! வாரத்துக்கு ரெண்டு முட்டைன்னு கேட்டேன். வாங்கியும் குடுத்தேன். சமையல் அக்காங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு, அதுவும் நான் வாங்குனதுதான். சண்டை போடணும்னு எனக்கு என்ன வேண்டுதலா? நர்சிங் ஹாஸ்டலுக்கு மூணு லெட்டர் குடுத்தேன் மேடம். மதிச்சாங்களா?"

"லெட்டரக் காட்டு."

ஃபைல்லேருந்து மூணு ஜெராக்ஸயும் எடுத்து முன்னால போட்டா. மேடம் அவசரமே இல்லாமப் படிச்சாங்க. இவ கால் தரையில தாளம் போட்டுச்சு. படிச்சு முடிச்சதும் ஒரு செவப்புப் பேனாவ எடுத்து நீட்டுனாங்க.

"தண்ணின்னு வர்ற இடத்துல எல்லாம் கோடு போடு."

"என்ன மேடம், எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்ற மாதிரி?"

"போடு."

முதல் லெட்டர்ல ஆறு கோடு விழுந்துச்சு. ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க குளிக்காம கிளாஸுக்குப் போறதெல்லாம் அதுல இருந்துச்சு. ரெண்டாவதுல ஒரே ஒரு கோடு. மூணாவதுல மரியாதை இருந்துச்சு, திமிர் இருந்துச்சு, பகிரங்க மன்னிப்பு இருந்துச்சு, கடைசி எச்சரிக்கை இருந்துச்சு. பேனா மேலேருந்து கீழ வந்துச்சு. மறுபடி மேல போய்ட்டுக் கீழ வந்துச்சு. இசக்கி பேனாவ மூடி மேசையில வச்சா.

விட்டுக் குடுக்குற ஆளா அவ? "அவங்க திமிருக்கு அப்படித்தான் எழுதணும். இதுக்கும் வில்சனுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவரும் ஜெர்மனிக்கு லெட்டர்தான் எழுதினாரு, எங்க ஜனங்க போற கப்பல மூழ்கடிக்காதேன்னு. ஒண்ணவிட ஒண்ணு கெடுபிடியா. முதல் லெட்டர்ல கையெழுத்துப் போட்ட வெளியுறவு மந்திரி, ரெண்டாவதுல போட மாட்டேன்னுட்டாரு. இது நம்மளப் போர்ல கொண்டு விட்ரும்னு சொல்லிப் பதவியையே விட்டுட்டுப் போயிட்டாரு."

இசக்கி சிரிச்சிட்டா. "எங்க கமிட்டிலயும் அப்படி ஒருத்தி உண்டு. ரோஸ்லின். ரெண்டாவது லெட்டர நீட்டுனா, ‘ஏ இசக்கி, எனக்குக் குளிக்கத்தான் தண்ணி வேணும், குஸ்திக்கு இல்ல’ன்னுட்டு ராஜினாமா பண்ணிட்டா. போடீ பயந்தாங்கொள்ளின்னு மெஸ்ல எல்லார் முன்னாலயும் நான்தான்..."

பேச்சு பாதியில நின்னுச்சு.

"அந்த மந்திரிய என்ன சொன்னாங்க மேடம்?"

"பயந்தாங்கொள்ளின்னாங்க. துரோகின்னும் சொன்னாங்க."

ரெண்டாவது லெட்டர இசக்கி தன் பக்கம் இழுத்துக்கிட்டா. அடியில கமிட்டிக்காரங்க மூணு பேரு டைப் பண்ணியிருந்துச்சு. முதல் ரெண்டுக்கும் மேல கையெழுத்து. மூணாவதா இருந்த ரோஸ்லின் பேருக்கு மேல வெறும் தாள். அந்த இடத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. சுவத்துக் கடிகாரத்துல மணி மூணே கால்.

"நாப்பது பேரும் கேட்டுல வந்து நிப்பாங்க மேடம்." குரல் இறங்கியிருந்துச்சு. "கூப்பிட்டதும் நான், வேண்டாம்ங்கிறதும் நான்னா, என்னை என்ன நினைப்பாங்க? இப்ப நான் என்ன செய்ய?"

மேடம் மூணு லெட்டரையும் வரிசையா அடுக்கி ஃபைல்ல வச்சுக் குடுத்தாங்க.

"ரோஸ்லின் எந்த ரூம்ல இருக்கா?"