முள்ளால் மதிப்பெண் போட்ட ஊசியப்பன்

கல்லாத்துக் காட்டுக் குளத்தின் நடுவில் ஒரு பாறை இருந்தது. மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் மறைந்திருக்கும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மேலே வரும். பாறையின் அடி தெரிந்துவிட்டால் மிருகங்கள் எல்லாம் புறப்பட வேண்டும். மேற்கே மலையில் ஒரு பிளவு உண்டு. அதைக் கடந்து, அதற்கப்பால் இருக்கும் முட்காட்டையும் தாண்டினால் ஆறு. வற்றாத ஆறு.

பிளவு குறுகலானது. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு. அதன் வாசலில் நின்ற அத்திமரத்தில் ஒரு சிறுத்தை குடியிருந்தது. ஆகவே ஒரு வழித்துணை முன்னே நடக்க, மற்றவர்கள் கூட்டமாகப் பின்னால் போவது வழக்கம்.

ஆண்டுதோறும் வழித்துணையாக நடந்தது ஒரு கிழட்டுக் கொம்பன் யானை. அதைக் கண்டால் சிறுத்தை வாலைச் சுருட்டிக்கொள்ளும். மற்றவர்கள் கொம்பனின் பின்புறத்தைப் பார்த்தபடியே நடந்து பழகியவர்கள். வழியைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்த ஆண்டு மாசியில் கொம்பன் இறந்துபோனது.

பாறையின் அடி தெரியப் பத்து நாள் இருக்கும்போது மிருகங்கள் கூடிப் பேசின. புது வழித்துணை யார்?

நாவலி என்ற மைனா ஒரு யோசனை சொன்னது. நாவலி காட்டுக்கு வருவதற்கு முன் ஊர் நூலகத்தின் ஓட்டு இடுக்கில் கூடு கட்டியிருந்தது. கீழே வராந்தாவில் பிள்ளைகள் உரக்கப் படித்த மாயக் கதைகள் அத்தனையும் அதற்கு மனப்பாடம். அந்தக் கதைகளில் பயணம் போகிறவர்களுக்கு எப்போதும் ஒரு கிழட்டு மந்திரவாதி துணையாகக் கிடைப்பாராம். நீண்ட அங்கி, வெள்ளைத் தாடி, கையில் கோல். தாமதமாக வருவார். பாதிதான் சொல்வார். ஆனாலும் அவர் வந்துவிட்டால் பயம் போய்விடுமாம்.

இந்தக் கதைகளை அந்தக் காடு ஏற்கெனவே இரண்டு மழைக்காலமாகக் கேட்டிருந்தது. எந்தக் கதையின் மந்திரவாதி பெரியவர் என்று அணில்களும் முயல்களும் கட்சி பிரிந்து சண்டை போட்டதுகூட உண்டு. எனவே யோசனை உடனே பிடித்துப்போயிற்று. நமக்கும் ஒரு மந்திரவாதி வேண்டும்!

காட்டில் அப்படிப்பட்டவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவர் இலுப்பை மரப் பொந்தில் வசித்த கூகையார் என்ற பெரிய ஆந்தை. இரண்டாமவர் கருமுகக் குரங்கான வெண்தாடியார். தாடி மார்புவரை தொங்கும். மூன்றாமவர் ஓடுடையார் என்ற ஆமை. அவருடைய வயதைக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

மூவரில் யார் சிறந்தவர்? ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முன்வந்தது ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி. எந்தக் கிழங்கு இனிக்கும், எந்தப் புற்றில் பாம்பு என்று கேட்டால் கூசாமல் தீர்ப்புச் சொல்லும் பேர்வழி. இந்தப் போட்டிக்கு அது ஒரு முறையும் கண்டுபிடித்தது. நல்ல குணம் ஒன்று தெரிந்தால் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, குளக்கரைச் சேற்றில் அவரவர் வரிசையில் நடும். யாருக்கு எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். சண்டைக்கு இடமில்லை.

"வலிக்காதாண்ணே?" என்று கேட்டது சிவப்பி என்ற புள்ளிமான். நான்கு நாள் முன்புதான் அது குட்டி போட்டிருந்தது. குட்டி பிறவியிலேயே நோஞ்சான்; அதற்கு இன்னும் கால் உறுதிப்படவில்லை.

"தீர்ப்புன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் தங்கச்சி" என்றது ஊசியப்பன்.

முதல் நாள் மாலை மூவரும் வந்தார்கள். உங்கள் மந்திரத்தைக் காட்டுங்கள் என்று ஊசியப்பன் ஆமையிடம் முதலில் கேட்டது. ஆமை எல்லோரையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தது.

"ஆத்துக்குத்தானே போகணும்?"

"ஆமாம்."

"அப்ப நான் கிளம்பறேன். என் நடைக்கு இப்பக் கிளம்பினாத்தான் சரியா வரும்."

திரும்பி மேற்கே நடக்கத் தொடங்கிவிட்டது. கூட்டம் சிரித்தது. கதைகளில் வரும் பெரியவர்களும் இப்படித்தான் நடுவில் காணாமல் போவார்கள் என்று நாவலி ஆமைக்காகப் பரிந்து பேசியது.

"கதையில் போனவர் திரும்பி வருவார். இவர் போற வேகத்துக்குத் திரும்பி வர அடுத்த கோடை ஆகும்" என்றது ஊசியப்பன். ஆமையின் வரிசையில் ஒரு முள்ளும் விழவில்லை.

குரங்குக்குத் தாடிக்காக மட்டும் ஏழு முள் கிடைத்தது. அது கையை வீசிப் புழுதியைக் கிளப்பும். புழுதி அடங்கும்போது ஆள் மரத்தின் உச்சியில் இருக்கும். அதற்கு ஐந்து. கூகைக்குக் கண்ணுக்கு ஆறு, குரலுக்கு ஆறு. கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் சற்று நேரம் சும்மா இருக்கும் அந்தக் கம்பீரத்துக்கு மூன்று.

செய்தி பரவியது. பக்கத்து மலைகளிலிருந்து காட்டெருமைகளும் பன்றிகளும் வேடிக்கை பார்க்க வந்தன. வந்தவர்களுக்குத் தாகம் எடுத்தது. குளம் பக்கத்திலேயே இருந்தது. பத்து நாளைக்கு வரவேண்டிய தண்ணீர் ஆறே நாளில் பாறையின் அடிக்கு இறங்கிவிட்டது.

அதைக் கண்டு சிவப்பி ஓடிவந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் தனக்குப் பால் வற்றிவிடும், குட்டி பிழைக்காது, யாராவது ஒருவரைச் சொல்லி முடியுங்கள் என்று கெஞ்சியது. ஊசியப்பன் தவிப்போடு எண்ணிப் பார்த்தது. கூகைக்கு நாற்பத்தொன்று. குரங்குக்கும் நாற்பத்தொன்று.

"சமமா இருக்கும்போது எப்படிச் சொல்றது? அவசரத் தீர்ப்பு அநியாயத் தீர்ப்பு" என்றது. கடைசிச் சுற்று ஒன்று வைப்பதாக அறிவித்தது.

அந்தச் சுற்றில் ஒரே ஒரு கேள்வி. சிறுத்தையை எப்படித் தாண்டுவது?

கூகை நெடுநேரம் சும்மா இருந்தது. பிறகு ஊசியப்பனைப் பார்த்துக் கேட்டது: "உன் முள் எதுக்கு? குத்தவா, குத்தாம இருக்கவா?"

கூட்டம் முணுமுணுத்தது. கேள்விக்குக் கேள்வியே பதிலா? இது ஏய்ப்பு என்று ஊசியப்பனுக்கும் பட்டது. முள் எதுவும் நடவில்லை.

அடுத்து குரங்கு பேச வேண்டும். அதன் இடம் காலியாக இருந்தது. காலையிலிருந்தே ஆளைக் காணோம் என்றார்கள். ஊசியப்பனுக்குக் கோபம் வந்தது. குரங்குக்குப் போட்ட மதிப்பெண்ணைக் குறைப்பதாகச் சொல்லிப் பத்து முள்ளைச் சேற்றிலிருந்து பிடுங்கியது. பிடுங்கிய பிறகுதான் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதுகில் திரும்ப நட முடியாது. அப்போதுதான் அது குனிந்து, கலங்கிய தண்ணீரில் தன்னைப் பார்த்தது. முதுகு மொட்டையாக இருந்தது. வால் நுனியில் மட்டும் சில குட்டை முட்கள் மிச்சம். உள்ளே வெறுமையாக இருக்கும் அந்த முட்கள் யாரையும் குத்த மாட்டா. அசைத்தால் கிலுகிலுவென்று ஓசை கேட்கும். அவ்வளவுதான்.

கூகைதான் வென்றது என்று சொல்லிவிட்டு, வழித்துணையாக வரும்படி எல்லோரும் வேண்டினார்கள்.

"பகல்ல எனக்குக் கண் சரியாத் தெரியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு" என்று கூகை பறந்து போனது.

ஆக, மூன்று மந்திரவாதிகளும் இல்லை. குளத்தில் சேறுதான் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அவரவர் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். வேடிக்கை முடிந்ததும் திரும்புவதுதானே அவர்கள் வழக்கம்.

மறுநாள் காலையில் சிவப்பி குட்டியை முகத்தால் தள்ளி எழுப்பி மேற்கே நடந்தது. சிறிது தூரத்தில் நின்று தரையை முகர்ந்தது. புழுதியில் ஒரு தடம். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன நகக்கீறல். நடுவில் ஓடு இழுபட்ட கோடு. ஆறு நாளாக யாரும் கலைக்காத கோடு. நேராக மலைப்பிளவை நோக்கிப் போயிற்று.

"ஆமைத் தாத்தா வழி போட்டு வெச்சிட்டுப் போயிருக்கார்" என்றது சிவப்பி.

எல்லோரும் அந்தக் கோட்டைப் பிடித்து நடந்தார்கள். ஊசியப்பன் கடைசியில் வந்தது. அதற்கு வேகமும் கிடையாது, மற்றவர் முகத்தைப் பார்க்கும் தைரியமும் கிடையாது. சிவப்பியின் குட்டி இரண்டடி நடந்தால் ஒருமுறை விழுந்தது. அதனால் தாயும் குட்டியும் ஊசியப்பனோடு பின்தங்கின.

பிளவின் வாசலை அடைந்தபோது உச்சிப்பொழுது. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். சிவப்பியும் குட்டியும் நுழைந்தார்கள். ஊசியப்பன் வாசலில் கால் வைத்தபோது, மேலே மலையுச்சியிலிருந்து ஒரு இருமல் சத்தம் கேட்டது. கருமுகக் குரங்கு சிறுத்தையைக் கண்டால் மட்டுமே எழுப்பும் சத்தம்.

வெண்தாடியார் உச்சிப்பாறையில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அத்திமரத்தை விட்டு அவர் கண் அகலவில்லை.

சிறுத்தை மரத்திலிருந்து இறங்கியது. முன்னால் போனவர்கள் எச்சரிக்கையைக் கேட்டு ஓட்டம் பிடித்தார்கள். சிவப்பியால் ஓட முடியவில்லை. பிளவின் நடுவில் குட்டி மறுபடியும் விழுந்திருந்தது. சிவப்பி அதன் மேல் குனிந்து நின்றது. ஊசியப்பன் இருட்டுக்குள் விரைந்து அவர்களை எட்டியது.

"போ தங்கச்சி" என்றது ஊசியப்பன்.

"குட்டியை விட்டுட்டா?"

ஊசியப்பன் அவர்களுக்கும் சிறுத்தைக்கும் நடுவில் வந்தது. முள்ளம்பன்றிகள் பகையைக் கண்டால் செய்வதைச் செய்தது. திரும்பி முதுகைக் காட்டி நின்றது. நின்ற பிறகுதான் முதுகில் ஒன்றும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

சிறுத்தையின் மூச்சுக் கேட்டது. அதன் நடையில் ஒரு தாங்கல் இருந்தது. ஒரு கால் மெல்ல ஊன்றியது. எப்போதோ ஏதோ ஒரு முள்ளம்பன்றியிடம் பட்ட காயம். ஊசியப்பனின் காதில் கூகையின் குரல் ஒலித்தது. குத்தவா, குத்தாம இருக்கவா?

குத்தாமல் விரட்ட ஓசை போதுமே! ஊசியப்பன் வாலை உதறியது.

கிலுகிலுவென்று எழுந்த ஓசை அந்தக் குறுகிய பிளவில் ஒரு சுவரில் மோதி, மறு சுவரில் திரும்பி, மேலே ஏறி இறங்கியது. ஒரு வாலின் சத்தம் இருபது வாலின் சத்தமாகிவிட்டது. வெளியே கொளுத்தும் வெயில். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வந்த சிறுத்தைக்கு மொட்டை முதுகு தெரியவில்லை. காதுக்குக் கேட்டது மட்டும்தான் தெரிந்தது. அந்த ஓசைக்குப் பின் வரும் குத்தை நொண்டிய கால் நன்றாக நினைவில் வைத்திருந்தது.

ஊசியப்பன் வால் ஓயும்வரை உதறிக்கொண்டே இருந்தது. சிறுத்தை ஓரடி பின்வைத்தது. இன்னோர் அடி வைத்தது. பிறகு வந்த வழியே வெளியேறி மரத்தில் ஏறிக்கொண்டது.

முட்காட்டில் ஆயிரம் ஒற்றையடிகள் பிரிந்தன. ஆமை போட்ட கோடு ஒன்றுதான். மாலைக்குள் எல்லோரும் ஆற்றங்கரையில் இருந்தார்கள். சிவப்பி தண்ணீர் குடித்தது. குட்டி பால் குடித்தது. ஓடுடையார் முன்னதாகவே வந்து கரையோரப் புல்லை மென்றுகொண்டிருந்தார்.

"போட்டியில யாரு ஜெயிச்சது?" என்று ஊசியப்பனைக் கேட்டார்.

ஊசியப்பன் தலை குனிந்தது. "நான் தோத்தேன் தாத்தா. மத்தவங்க எல்லாரும் கரை சேர்ந்தாங்க."

பொழுது சாய்ந்ததும் குரங்கும் வந்தது, கூகையும் வந்தது. தன் தாடிக்கு ஏழு முள் போட்டவர் தன் கண்ணுக்கு ஒன்றாவது போட்டிருக்கலாம் என்று வெண்தாடியார் கிண்டல் செய்தார். கூகை வழக்கம்போல் சற்று நேரம் சும்மா இருந்தது. ஊசியப்பனுக்கு அந்த மௌனம் இப்போது ஏய்ப்பாகத் தோன்றவில்லை.

ஒருவர் முன்னே போய் வழி போட்டார். ஒருவர் மேலே இருந்து காவல் காத்தார். ஒருவர் கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டுப் பதிலைத் தேவைப்படும் இடத்தில் தேடிக்கொள்ளும்படி விட்டார். இருட்டில் பக்கத்தில் நின்றவர் மூவரில் ஒருவருமில்லை. பக்கத்தில் நின்றிருந்தால் ஊசியப்பன் வாலை உதறியிருக்காது. அவர்கள் பின்னால் ஒளிந்திருக்கும்.

அந்த மழைக்காலத்தில் நாவலி மறுபடியும் மாயக் கதைகளை ஆரம்பித்தது. எந்தக் கிழவர் பெரியவர் என்று அணில்கள் ஊசியப்பனிடம் தீர்ப்புக் கேட்க வந்தன. அதன் முதுகில் புது முட்கள் அரும்பியிருந்தன. அது அவற்றைச் சிலிர்த்துக் காட்டிவிட்டு, கதையின் மீதியைச் சொல்லச் சொன்னது.

நல்ல குருவை அவர் முன்னால் நின்று அளக்க முடியாது; அவர் இல்லாத இடத்தில் நாம் நிற்கும் விதமே அவருக்கு நாம் போடும் மதிப்பெண்.